பீரோ அறையில் ஒரு வாட்ச்மேன்

“யாரு?”

“நான்தான் அண்ணி.”

“எந்த நான்?”

கதவில் பொருத்திய கண்ணாடித் துளைக்குப் பின்னால் ஒரு நிழல் அசையும். என் முகம் முழுசாகத் தெரியட்டும் என்று ஓரடி பின்னால் போய் நிற்பேன். அதன் பிறகும் சங்கிலியை விலக்காமல், கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்து, “வெளியில மழைன்னாங்க, உன் சட்டை நனையவே இல்லையே?” என்பார் அண்ணி. நான் அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருப்பவன். படியிறங்கி வருகிறவன் எப்படி நனைவான் என்று கேட்டால், “அதான் கேட்டேன்” என்று சங்கிலியை எடுப்பார்.

அண்ணனுக்கும் இதே மரியாதைதான். நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று, ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு அசதியோடு வரும் மனிதர், தன் வீட்டு வாசலில் தான் யார் என்று நிரூபித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். “கல்யாணமான புதுசுல இத அன்புன்னு நெனச்சேன்டா” என்பார் என்னிடம், அண்ணி காதில் விழாத தூரத்தில்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணி இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகி இருப்பார்கள். அண்ணி இரண்டையும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே கம்பெனி” என்று சொல்லி உதறி வைத்துவிட்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்ன வேணும்?” என்று நேராகக் கேட்பார். இந்தக் கட்டுரை அச்சாகி வரும்போது முழுதும் படித்துவிட்டு, “இத யார் எழுதச் சொன்னா?” என்றுதான் கேட்கப் போகிறார். பத்திரிகை ஆசிரியர் கேட்டார் என்ற பதிலையும் நம்ப மாட்டார்.

இப்படி ஒரு குணத்தோடு பிறந்தவருக்குச் சம்பளம் கொடுத்துச் சந்தேகப்படச் சொல்லும் வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணி ஆராய்ச்சியாளர். மூளையின் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, அவை எப்படி நியூரான் ஆகின்றன என்று பார்க்கிறவர். ஆராய்ச்சி நிலையத்தின் மேல்தளத்தில், நடைபாதையின் கோடியில் ஓர் இருட்டறை. அதில் மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு நுண்ணோக்கி. அந்த அறை அண்ணியின் ராஜ்யம். அவர் இல்லாதபோது யாரும் அதற்குள் நுழையக் கூடாது. அவர் இருக்கும்போதும் நுழைய யோசிப்பார்கள்.

அங்கே அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘மோப்பம்’. செல்களுக்கு ஊட்டும் இளஞ்சிவப்புத் திரவம் கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் பாட்டிலைத் திறந்ததும் முதலில் மூக்குதான் போகும். அந்தப் பெயர் தனக்கு இருப்பது அண்ணிக்குத் தெரியும். யார் வைத்தது என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. செல்கள் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகளை ஸ்லைடு என்பார்கள். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும். அண்ணி அந்த எழுத்தின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். பிறகு சம்பந்தமில்லாத யாரையாவது கூப்பிட்டுச் சீட்டு குலுக்குவதுபோல் கலைத்துப் போடச் சொல்வார். எது எது என்று தெரியாமலே ஒவ்வொன்றையும் பார்த்து, ஒளிர்வதை ஒரு பக்கம், ஒளிராததை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த பிறகுதான் டேப்பை உரிப்பார். “எது வரணும்னு தெரிஞ்சுபோச்சுன்னா கண்ணு அதையேதான் பாக்கும் தம்பி. கண்ணு ஒரு ஜால்ரா” என்பார்.

என் பத்திரிகை அலுவலகம் பக்கத்துத் தெருவில்தான். மாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அவரை அழைத்துவருவது என் பொறுப்பு. அவர் அறையைப் பூட்டும் அழகை அதனால் தினமும் பார்த்தாக வேண்டும். சாவி கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். யார் கையிலும் கொடுக்க மாட்டார். பூட்டுவார். இழுத்துப் பார்ப்பார். படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டு, எதையோ மறந்தவர்போல் திரும்பிப் போய் மறுபடி இழுப்பார்.

“பூட்டிட்டீங்க அண்ணி. நான் பாத்தேன்.”

“நீ பாத்தது போன தடவ இழுத்தத.”

இப்படிப்பட்டவர் ஒரே ஒருத்தியை மட்டும் அதிகம் விசாரிக்காமல் வீட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சுருட்டை என்று கூப்பிட்ட அந்தப் பெண், அண்ணியின் கீழ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். என் வயதுதான், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் மாதிரி, அதனால் உரிமையோடு ‘அவள்’ என்றே எழுதுகிறேன். கதவுக்கு உள்ளேயிருந்து “எந்த நான்?” என்று அண்ணி கேட்டால், “உங்களுக்கு எந்த நான் வேணும்க்கா?” என்று வெளியிலிருந்து அவள் கேட்பாள். அண்ணி சிரித்துக்கொண்டே திறப்பார். அண்ணனுக்கு இதில் லேசாகப் பொறாமைகூட உண்டு.

அவர்கள் பிரிந்த கதையைச் சொல்வதற்கு முன் அந்த இருட்டறையின் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

மூளை உருவாகும் காலத்தில் செல்கள் எல்லாம் உருண்டையாக, ஒரே மாதிரி இருக்கும். இரண்டாகப் பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சில செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு, மெல்லிய கைகளை நீட்டி, அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுப் பேசத் தொடங்கும். அதுதான் நியூரான். ‘பெருகினது போதும், கையை நீட்டு’ என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? வெளியிலிருந்து ஒரு சேதி வருகிறது. செல்லின் மேல்சவ்வில் ஏற்பி என்று ஒரு புரதம் நிற்கிறது. அது சேதியை வாங்கி உள்ளே இருப்பவர்களிடம் கொடுக்கிறது. கைமாறிக் கைமாறி அந்தச் சேதி செல்லின் நடுவில், மரபணுக்கள் இருக்கும் நியூக்ளியஸுக்குப் போய்ச் சேர்கிறது. ஏற்பி தான் நிற்கும் வாசலை விட்டு நகர்வதில்லை. பாடப்புத்தகம் இவ்வளவுதான் சொல்கிறது. அண்ணியும் இதைத்தான் படித்தார்.

ஏற்பி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு திரவம் உண்டு. ஆன்டிபாடி என்பார்கள். அது ஏற்பியின் வால் பகுதியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். சுருட்டை அதை ஊற்றிப் பார்த்தபோது, வாசலில் மட்டுமல்லாமல் நியூக்ளியஸுக்கு உள்ளேயும் பச்சை தெரிந்தது. எந்தெந்தச் செல்லில் நடுவே பச்சை தெரிந்ததோ அவையெல்லாம் கையை நீட்டியிருந்தன. மற்றவை உருண்டையாகவே கிடந்தன. புதிதாகச் செய்யப்படும் ஏற்பியில் ஒரு பங்கு வாசலுக்கே போகாமல் நேராக நியூக்ளியஸுக்குள் போகிறது, மரபணுக்களின் பக்கத்தில் உட்கார்ந்து தானே உத்தரவு போடுகிறது என்றாள் சுருட்டை.

அண்ணி நம்பவில்லை. “வாட்ச்மேன் பீரோ ரூம்ல நிக்கறான்னா, ஒண்ணு அவன் திருடன், இல்ல நம்ம கண்ணு சரியில்ல” என்றார்.

“மூணாவதா ஒண்ணு இருக்குக்கா. அவன்தான் வீட்டுக்காரனோ என்னவோ.”

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சு இது. அண்ணன் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

ஆன்டிபாடி உண்மை பேசுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏற்பியே இல்லாத செல்லில் அதை ஊற்ற வேண்டும். பிடிப்பதற்கு எதுவும் இல்லாததால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். அப்போதும் ஒளிர்ந்தால் அது கண்டதையும் பிடிக்கிறது, பொய் சொல்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செல்லை அண்ணியே தன் கையால் செய்து வைத்திருந்தார், ஏற்பிக்கான மரபணுவை வெட்டி. ‘காலி செல்’ என்று பெயர். அந்தக் காலி செல்லில் ஊற்றினார்கள். நியூக்ளியஸ் பச்சையாக ஒளிர்ந்தது.

வாரக் கூட்டத்தில், எல்லாரும் உட்கார்ந்திருக்க, அண்ணி எழுந்து நின்று சொன்னாராம்: “இந்த ஆன்டிபாடி பொய் சொல்லுது. இவ பாத்தது ஏற்பிய இல்ல, அழுக்க.” சுருட்டை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உங்க காலி செல் காலிதான்னு எப்படிக்கா தெரியும்?” அதற்கு அண்ணி சொன்ன பதிலை அந்த நிலையத்தில் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். “நான் செஞ்சது” என்றார். மோப்பமே சொன்ன பிறகு அப்பீல் ஏது? கூட்டம் கலைந்தது.

சுருட்டையின் கட்டுரை வெளிவரவில்லை. அவள் எடுத்துக்கொண்ட விஷயத்தையே யாரும் தொடவில்லை. கொஞ்ச நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஆராய்ச்சியை விட்டுப் போனாள். போகிற அன்று எங்கள் வீட்டுக்கு விடைபெற வந்தவள், “வரேன் மேடம்” என்றாள். அக்கா, மேடம் ஆகிவிட்டார். அன்று முழுக்க அண்ணி எதையோ தொலைத்துவிட்டவர்போல் அலமாரிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பழைய கதை. சமீபத்தில் நிலையத்துக்கு வேறோர் இடத்திலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்தார். முகத்தில் முதலில் தெரிவது மீசை. அதனால் மீசை என்றே வைத்துக்கொள்வோம். அவர் ஆன்டிபாடியைத் தொடவே இல்லை. ஏற்பி பிறக்கும்போதே ஒளியோடு பிறக்கும்படி மரபணுவில் சேர்த்துத் தைத்துவிட்டார். வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டாம். ஏற்பி எங்கே போகிறதோ அங்கே ஒளி தானாகத் தெரியும். தெரிந்தது. நியூக்ளியஸின் நடுவில் தெரிந்தது. பக்கத்திலேயே செல் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி சந்தேகப்படத் தொடங்கினார். இதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படி சந்தேகப்பட்டார். மீசை அளவுக்கு மீறி ஏற்பியைத் திணித்திருப்பார், வழிந்து உள்ளே போயிருக்கும் என்றார். அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒளி அங்கேயே இருந்தது. மேலே இருக்கும் சவ்வின் வெளிச்சம் கீழே உள்ளதுபோல் தெரிகிறது என்றார். செல்லை மெல்லிய அடுக்குகளாகப் படம் பிடித்துப் பார்த்தார்கள். நடு அடுக்கிலும் இருந்தது. கணினியில் யாரோ வெளிச்சத்தைக் கூட்டிவிட்டார்கள் என்றார். “மீசை வெச்சவங்கள நம்பக் கூடாது தம்பி. வாய் சிரிக்குதா இல்லையான்னே தெரியாது” என்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் காதில் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கடையைத் திறக்கச் சொல்லித் தன் கண்ணைச் சோதிக்கச் சொன்னார். அண்ணன் எல்லா எழுத்தையும் படிக்க வைத்துவிட்டு, “கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பின்னாடி இருக்கறத டெஸ்ட் பண்ண என்கிட்ட மெஷின் இல்ல” என்றார்.

என்னையும் விடவில்லை. ஸ்லைடுகளைக் கலைத்துப் போட விஷயம் தெரியாத ஆள் வேண்டும் என்றபோது, அந்தத் தகுதியில் வீட்டிலேயே நான்தான் முதல் என்று கூட்டிப் போனார். கலைத்துப் போட்டேன். பார்த்துப் பிரித்தார். டேப்பை உரித்தார். மீசை சொன்னபடியேதான் இருந்தது. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்து, “அவர் உனக்கு டீ வாங்கிக் குடுத்தாரா?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தை மறைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மீசை பொறுமைசாலி. அன்று அவரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

“மேடம், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்குவேன். சொல்லுங்க.”

“என்னை டெஸ்ட் பண்ணிட்டீங்க. மைக்ராஸ்கோப்ப டெஸ்ட் பண்ணிட்டீங்க. உங்க கண்ணையே டெஸ்ட் பண்ணிட்டீங்க. இது இல்லன்னு அன்னிக்கு முடிவு பண்ணது அந்தக் காலி செல்ல வெச்சுதானே? அத யாராவது டெஸ்ட் பண்ணாங்களா?”

“அது நான்...” என்று தொடங்கிய அண்ணி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கையில் உரித்த டேப் சுருண்டு ஒட்டியிருந்தது. அதை உதறப் பார்த்தார். அது மற்ற விரலில் ஒட்டிக்கொண்டது. அண்ணி பாதியில் நிறுத்திய வாக்கியத்தை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

காலி செல் காலிதானா என்று பார்க்கும் சோதனை எளிது என்கிறார்கள். செல்லில் உள்ள புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஒரு தாளில் படிய வைப்பார்கள். பெரியது மேலே, சின்னது கீழே. அந்தத் தாளை ஆன்டிபாடியில் நனைத்தால் ஏற்பி இருக்கும் உயரத்தில் ஒரு கோடு தெரியும். ஆன்டிபாடி துளித்துளியாகச் செலவழிக்க வேண்டிய பொருள். முழுத் தாளையும் நனைத்தால் தாங்காது. அதனால் ஏற்பி வர வேண்டிய உயரத்தில் மட்டும் தாளைப் பட்டையாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடுவது அந்த அறைகளில் எல்லாருக்கும் பழக்கம். சிக்கனமான பழக்கம். அந்தக் காலத்தில் அண்ணியும் அப்படித்தான் வெட்டினார். பட்டையில் கோடு இல்லை. காலி என்று எழுதி வைத்தார்.

இப்போது வெட்டாமல் முழுத் தாளையும் நனைத்தார்கள். மேலே கோடு இல்லைதான். கீழே, குப்பைக்குப் போயிருக்க வேண்டிய பாதியில், கறுப்பாக ஒரு கோடு இருந்தது.

மரபணுவின் முன்பகுதியைத்தான் அண்ணி வெட்டியிருந்தார். செல் என்ன செய்தது என்றால், வெட்டுப்பட்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, மிச்சமிருந்ததை வைத்து ஏற்பியின் வாலை மட்டும் செய்துகொண்டிருந்தது. தலையில்லாத அந்த வாலுக்கு வாசலுக்குப் போக வழி தெரியாது. நேராக நியூக்ளியஸுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆன்டிபாடி பிடிப்பது வாலைத்தான். பொய்யென்று பெயர் வாங்கிய அந்தத் திரவம் ஆரம்பத்திலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அவளச் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் விட்டுட்டேன்” என்றார். அண்ணன் அவர் தட்டில் சாதத்தைப் பரிமாறினார். கேலி பேச அருமையான சந்தர்ப்பம். எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த வெட்டின தாளோடு குப்பைக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் தைரியமில்லை.

துறைத் தலைவர் வேறு யோசனை சொன்னார். பழைய விஷயத்தை எதற்குக் கிளற வேண்டும். அந்தக் காலி செல்லைப் பற்றிப் பேசாமல், மீசையின் முறையில் புதிதாகக் கண்டுபிடித்ததாக எழுதிவிடலாம். அண்ணியின் பெயரும் பெரிதாக வரும் என்றார். வீட்டுக்கு வந்து அண்ணி எங்களிடம் சொன்னார்: “அவர் சொல்லும்போது நல்ல யோசனையாத்தான் இருந்துச்சு. அதான் எனக்கு என் மேலேயே சந்தேகமா இருக்கு. தம்பி, நாளைக்கு வண்டி வேணும்.”

சுருட்டை இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பொறுப்பாளராக இருக்கிறாள். வெள்ளை விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள், கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ஆட்கள். சுருட்டை தன் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வாங்க மேடம். என்ன டெஸ்ட்?”

அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. சுருட்டை நடுவில் ஒரே இடத்தில்தான் குறுக்கிட்டாள்.

“கீழ்ப்பாதிய என்ன பண்ணீங்க?”

“குப்பையில போட்டேன்.”

சுருட்டை சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. பஞ்சைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுல உங்களுக்கு என்ன லாபம் மேடம்? நான் வந்து ஆமான்னு சொல்லணும். என் பேரையும் ஒரு ஓரத்துல போட்டு உங்க தப்பக் கழுவிக்கலாம். அதானே?”

“இருக்கலாம்” என்றார் அண்ணி. “எனக்கே அது சரியாத் தெரியல. நீ என்னை நம்பாத.”

“நம்பல.”

“அதான் வந்தேன். நம்பாமலே வந்து பாரு. அன்னிக்கு உன் பேச்ச நான் எடுத்துக்கல. இன்னிக்கு என் பேச்ச நீ எடுத்துக்க வேண்டாம்.”

சுருட்டை கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். ஆன்டிபாடியை அவளே கொண்டுவருவாள். செல்லுக்கு அவளே ஊற்றுவாள். டேப்பை அவளே ஒட்டுவாள். அவள் பார்த்து முடிக்கும் வரைக்கும் அண்ணி அறைக்குள் வரக் கூடாது. அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில், “நல்லாத்தான் சந்தேகப்படறா” என்றார். அதில் பெருமை இருந்ததா அழுகை இருந்ததா என்று ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கேட்கவில்லை.

அவள் வருவாளா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஒப்புக்கொண்ட சனிக்கிழமை வந்துவிட்டாள். மூன்று வகைச் செல்களின் ஸ்லைடுகள் இருந்தன: சாதாரணச் செல், அண்ணியின் பழைய காலி செல், மரபணுவையே முழுசாக எடுத்துவிட்டு மீசை புதிதாகச் செய்திருந்த நிஜமான காலி செல். பீரோ அறையில் நிற்பது நிஜமாகவே வாட்ச்மேன் என்றால், முதல் இரண்டும் ஒளிர வேண்டும், மூன்றாவது இருட்டாக இருக்க வேண்டும். மூன்றாவதும் ஒளிர்ந்துவிட்டால் அண்ணி அன்று சொன்னதே சரி. சுருட்டை இரண்டாவது தடவையாக வெறுங்கையோடு போக வேண்டும். டேப் ஒட்டிய ஸ்லைடுகளை மீசை கலைத்துப் போட்டார். கதவு சாத்திக்கொண்டது.

அண்ணி வெளியே நடைபாதையில், பெஞ்சில். தன் ராஜ்யத்துக்கு வெளியே அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. எழுந்தார். உட்கார்ந்தார். இன்னொரு முறை எழுந்து கதவுப் பக்கம் ஓரடி வைத்தவர், தன் கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு வருவதுபோல் திரும்பி வந்தார். “அந்த ஆன்டிபாடி பாட்டில் புதுசா பழசான்னு பாத்தியா?” என்றார். பார்க்கவில்லை என்றேன். “நீயெல்லாம் என்ன பத்திரிகைக்காரன்” என்றார்.

கதவு திறந்தது. மேசையின் மேல் ஸ்லைடுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. மீசை டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். இருட்டென்று சுருட்டை ஒதுக்கியிருந்தவை அத்தனையும் புதிய காலி செல். ஒளிர்கிறது என்று வைத்த பக்கத்தில் மற்ற இரண்டும், ஒன்றுகூட இடம் மாறாமல்.

நுண்ணோக்கியின் திரையில் கடைசியாகப் பார்த்த செல் இன்னும் இருந்தது. நடுவில் பச்சையாக ஒரு வட்டம். அங்கிருந்து திரையின் ஓரம் வரைக்கும் நீண்டு போகும் ஒரு கை. சுருட்டை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள், யாரையும் பார்க்காமல். “கோவம் உங்க மேல மட்டும் இல்ல. நடுவுல ஒரு நாள் நானே நம்பிட்டேன், நான் பாத்தது அழுக்குதான்னு. என் கண்ண நானே நம்பாமப் போயிட்டேன். அதத்தான் என்னால தாங்க முடியல.”

“அது என்னாலதான்” என்றார் அண்ணி. “நான் பண்ணது தப்பு. அந்தக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். அதே எடத்துல எழுந்து நின்னு இதையும் சொல்றேன். கட்டுரையில உன் பேர் முன்னால வரணும். தலைவர் ஒத்துக்கலன்னா என் பேர் இருக்காது.”

மன்னித்தேன் என்று சுருட்டை சொல்வாளோ என்று நான் காத்திருந்தேன். எழுதுகிறவனுக்கு அப்படியொரு ஆசை. அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். நுண்ணோக்கியின் மேல் உறையை இழுத்துப் போர்த்தினாள். அந்த வேலைகள் எந்த வரிசையில் வரும் என்பது அவள் கைக்கு மறந்திருக்கவில்லை. எல்லாரும் வெளியே வந்தோம்.

“அடுத்த வாரம் தாளு சோதனைய நான் ஒரு தடவ பண்ணிப் பாக்கணும்” என்றாள். “வெட்டாம.” கையை நீட்டினாள். “சாவியக் குடுங்கக்கா.”

அண்ணி கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். முடியில் சிக்கிக்கொண்டது; சுருட்டைதான் எடுத்துவிட்டாள். அவள் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இருவரும் நடைபாதையில் நடந்தார்கள், ஒரே வேகத்தில். மீசை பின்னால் போனார். படிக்கட்டில் அண்ணி திரும்புவார் என்று நான் நின்று பார்த்தேன். வழக்கமாகத் திரும்பும் இடம் வந்தது. அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் திரும்பிப் போய் அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.